தென்னை நிழலில் கனகாம்பரம்... தண்டைக் கொடுங்கள், வேரைக் கொடுக்காதீர்கள்!

சமீபத்தில் வந்த வாசகர் கடிதங்களில் பல ஒரே கேள்வியைச் சுற்றியே இருந்தன. "தென்னைக்கு நடுவில் நிலம் சும்மா கிடக்கிறது. நிழலில் வரக்கூடிய பூச்செடி ஏதாவது சொல்லுங்கள். நாற்று எங்கே கிடைக்கும்?"

முதல் பாதிக்குப் பதில் சுலபம். கனகாம்பரம் போடுங்கள். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதற்குத் தாய்மண். மரங்களின் கீழே வளர்ந்து பழகிய குத்துச்செடி என்பதால், மிதமான நிழலைத் தாங்கும். வாசனை கிடையாது. ஆனால், பறித்த பூ சீக்கிரம் வாடாது, எடை மிகக் குறைவு. அதனால்தான் மல்லிகையோடு சேர்த்துக் கட்ட இன்றைக்கும் இதற்குத் தனி மவுசு இருக்கிறது.

இரண்டாம் பாதிக்கு என் பதில்: முடிந்தவரை நாற்றை வாங்காதீர்கள், நீங்களே தயார் செய்யுங்கள். அப்படி நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அது என் தவறில் இருந்து வந்தது.

பதினைந்து சென்ட் தோட்டம்

நான் பணியில் சேர்ந்து மூன்றாவது வருடம். என் பொறுப்பில் இருந்த கிராமம் ஒன்றில், கணவரை இழந்த அம்மா ஒருவர் தென்னைக்கு நடுவே பதினைந்து சென்ட்டில் டெல்லி கனகாம்பரம் வைத்திருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் பூ எடுப்பார். வீட்டுச் செலவு, மகளின் பள்ளிக்கூடச் செலவு எல்லாம் அந்தப் பூவில்தான்.

ஒருநாள் நாலு இலைகளைக் கிள்ளி எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். இலை வெளுத்து, ஓரத்தில் லேசான இளஞ்சிவப்பு ஏறியிருந்தது. நான் இலையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'சத்துக் குறைபாடு' என்று முடிவு செய்து, யூரியாவும் இரும்புச் சத்துத் தெளிப்பும் எழுதிக் கொடுத்தேன். தோட்டத்துக்குப் போகவில்லை. ஒரு செடியைக்கூடப் பிடுங்கிப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் செடி கொஞ்சம் பச்சை கட்டியது. ஐப்பசி மழை இறங்கியதும் திட்டுத்திட்டாகச் சாய ஆரம்பித்தது. அப்போதுதான் போனேன். ஒரு செடியைப் பிடுங்கினால், எந்த எதிர்ப்பும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. சல்லிவேரே இல்லை. மீதி இருந்த வேரில் கறுப்புக் கறுப்பாகப் புண்கள். வேர்ப்புண் நூற்புழு தாக்கி, அந்தப் புண் வழியாக வாடல் பூஞ்சணமும் உள்ளே போயிருந்தது.

அதைவிட மோசம், என் மருந்தில் செடி பச்சை கட்டிய அந்த இரண்டு வாரத்தில், 'இனிமேல் பயமில்லை' என்று நம்பி, தன் தங்கைக்கும் நாத்தனாருக்கும் செடிகளைத் தூரோடு பிரித்து, வேரும் மண்ணுமாகச் சாக்கில் கட்டிக் கொடுத்திருந்தார். மறு வருடம் அந்த இரண்டு தோட்டங்களிலும் இதே கதைதான்.

அந்த அம்மா சண்டை போடவில்லை. "மாட்டுக்கு நோவுன்னா வாயைத் தெறந்து பாக்குறோம். செடிக்கு நோவுன்னா வேரைப் பாக்க வேண்டாமா சார்?" என்று மட்டும் கேட்டார். நாலு வருடம் கல்லூரியில் படித்ததை அந்த ஒரு வரியில் திரும்பப் படித்தேன்.

நூற்புழு கண்ணுக்குத் தெரியாது. தானாக வெகுதூரம் நகரவும் செய்யாது. நாம்தான் அதை வேரிலும் மண்ணிலும் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோகிறோம். ஆனால், வேர்ப்புண் நூற்புழுவும் வேர்முடிச்சு நூற்புழுவும் கனகாம்பரத்தின் வேரில்தான் வாழும், தண்டில் ஏறாது. ஆகவே, நல்ல செடியில் தண்டை மட்டும் வெட்டி வந்து, சுத்தமான மண்கலவையில் வேர்விட வைத்தால், அந்தச் சங்கிலி அறுந்துவிடும். உறவுக்காரருக்குக் கொடுப்பதானாலும் தண்டைக் கொடுங்கள், வேரைக் கொடுக்காதீர்கள்.

எந்த நிழல் நல்ல நிழல்?

'நிழலில் வரும்' என்றதும் மாந்தோப்பு இருட்டில் கொண்டுபோய் நடுகிறவர்கள் இருக்கிறார்கள். செடி உயரமாகப் போகும், இலை பெரிதாகும், பூங்கதிர் மட்டும் வராது. கனகாம்பரம் தாங்குவது ஏறக்குறைய கால் பங்கு நிழலைத்தான். அதற்குமேல் போனால் பூ குறையும்.

அளந்து பார்க்கக் கருவி தேவையில்லை. நண்பகலில் ஒரு வெள்ளை வேட்டியைத் தோப்பில் விரியுங்கள். அதில் நாலில் மூன்று பங்கு வெயில் விழுந்தால் இடம் சரி. பாதிதான் விழுகிறது என்றால் யோசியுங்கள். பாதிக்கும் குறைவென்றால் வேண்டாம்.

தென்னையின் வயதும் முக்கியம். முதல் ஏழு வருடம் வரை கீழே நல்ல வெளிச்சம் இருக்கும். அதன்பிறகு இருபது, இருபத்தைந்து வயது வரை மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிலத்தை மூடிவிடும். அந்தப் பருவத்துத் தோப்பில் கனகாம்பரம் போட்டுக் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம். இருபத்தைந்து வயதுக்குமேல் மரம் உயர்ந்து, மறுபடியும் வெயில் இறங்கும்.

மண், தண்ணீர் வடியும் செம்மண்ணாகவோ மணல் கலந்த செம்மண்ணாகவோ இருக்க வேண்டும். கார அமில நிலை 6 முதல் 7.5 வரை இருக்கலாம். தண்ணீர் தேங்கும் களிமண் ஆகாது.

நடும் முன்பு மண்ணைச் சோதிக்கும்போது, நூற்புழுவுக்கும் சேர்த்துச் சோதியுங்கள். ஏற்கெனவே அங்கு நிற்கும் செடியின் வேர்ப்பகுதியில் நாலைந்து இடத்தில், மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அரை அடி ஆழத்தில் மண் எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து 200 கிராம் மண், ஒரு பிடி சல்லிவேர் இரண்டையும் பாலித்தீன் பையில் கட்டுங்கள். உரத்துக்கான மண்ணைப்போல இதைக் காயவைக்கக் கூடாது. ஈரம் குறையாமல், வெயில் படாமல், ஓரிரு நாளில் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண் கல்லூரியிலோ கொண்டுபோய்க் கேளுங்கள்.

என்ன ரகம்?

நம் ஊரில் அதிகம் இருப்பவை ஆரஞ்சு ரகமும் டெல்லி கனகாம்பரமும்தான். மஞ்சள் பூவுக்கு லூட்டியா, சிவப்புக்கு செபாகுலிஸ் என்று ரகங்கள் உண்டு. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா அம்பரா, அர்கா கனகா, அர்கா ஷ்ரேயா, அர்கா ஷ்ரவ்யா போன்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது.

ஆரஞ்சு ரகத்தை விதை மூலம் பெருக்கலாம். டெல்லி கனகாம்பரத்தில் விதை பிடிக்காது. தண்டுக் குச்சி ஒன்றுதான் வழி. இதற்குப் பூ பெரிது, நிறம் பளிச்சென்று இருக்கும், மகசூலும் கூடுதல். ஆனால், எல்லாச் செடியும் ஒரே செடியின் நகல் என்பதால், நோய் வந்தால் எல்லாம் ஒன்றுபோலப் படுக்கும். அதனால்தான் தாய்ச்செடித் தேர்வில் இத்தனை கவனம் சொல்கிறேன்.

வெடிக்கும் விதை

பூங்கதிர் அடியிலிருந்து நுனி வரை பூத்து முடிந்தபிறகு, அதை வெட்டாமல் செடியிலேயே விட்டால் காய் முற்றும். காய்ந்த காயில் ஈரம் பட்டதும் படாரென்று வெடித்து, விதையைத் தூர வீசும். மழைக்கு மறுநாள் விதை எடுக்கப் போனால் வெறும் தோல்தான் மிஞ்சும். எனவே, கதிர் பழுப்பு நிறமானதும், வானம் தெளிவாக இருக்கும் நாளில், பனி காய்ந்தபிறகு வெட்டுங்கள். நிழலில் உலர்த்தி, ஒரு பாத்திரத்தில் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, மெல்லிய துணியால் வாயை மூடுங்கள். பொரி பொரிவதுபோல வெடித்து, விதை பாத்திரத்திலேயே சேரும். பிள்ளைகளிடம் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

விதையை உடனே நிழலில் உலர்த்தி, அந்தப் பருவத்திலேயே விதையுங்கள். பழைய விதையில் முளைப்பு குறையும். நாற்றங்காலுக்கு மேட்டுப்பாத்தி போட்டு, சித்திரை, வைகாசி வெயிலில் நனைத்து, கண்ணாடிபோன்ற பாலித்தீன் தாளை விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி, நாலு முதல் ஆறு வாரம் விட்டுவிடுங்கள். அந்தச் சூட்டில் நூற்புழுவும் பூஞ்சணமும் களைவிதையும் பெருமளவு குறையும். பிறகு விதைத்து, மணலை மெல்லிசாகத் தூவி, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு மாத நாற்று நடவுக்குச் சரியாக இருக்கும்.

தண்டுக் குச்சி தயாரிப்பு

தாய்ச்செடி ஒரு வயதாவது ஆனதாக, நன்றாகப் பூப்பதாக இருக்க வேண்டும். அந்த வரிசையில் வாடிய செடி ஒன்று இருந்தாலும், அந்த வரிசையையே விட்டுவிடுங்கள். குச்சி எடுக்கும் முன், அதே பாத்தியில் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். நிறைய வெள்ளைச் சல்லிவேர் இருந்தால் நல்லது. கறுப்புப் புண், முடிச்சு, உரியும் தோல் இருந்தால் நடையைக் கட்டுங்கள். ஒரு செடி போகிறதே என்று தோட்டக்காரர் வருத்தப்பட்டால், அதற்கான காசைக் கொடுத்துவிடுங்கள். அதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

குச்சியை இப்படித் தயார் செய்யுங்கள்:

1. மிகவும் இளசாகவும் இல்லாமல், பட்டை கட்டியதாகவும் இல்லாத நடுத்தரத் தண்டில், மூன்று கணு உள்ளதாக நாலு அங்குல நீளத்தில் வெட்டுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டு விழ வேண்டும். கத்தி கூர்மையாக, சுத்தமாக இருக்கட்டும்.

2. பூங்கதிர் இருந்தால் கிள்ளிவிடுங்கள். அடி இலைகளை நீக்கி, நுனியில் ஒன்றிரண்டு ஜோடி மட்டும் விட்டு, பெரிய இலைகளைப் பாதியாகக் கத்தரித்துவிடுங்கள்.

3. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து, அரை மணி நேரம் அடிப்பகுதியை நனைத்து வையுங்கள். கடையில் கிடைக்கும் வேர் ஊக்கிப் பொடியில் தொட்டு நட்டால் வேர் சீராக வரும்.

4. செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றும் சம அளவு கலந்து சிறு பைகளில் நிரப்புங்கள். செம்மண்ணைப் பழைய பூந்தோட்டத்திலிருந்தோ காய்கறி வயலிலிருந்தோ எடுக்கக் கூடாது. கலவையையும் மேலே சொன்னபடி பாலித்தீன் தாளில் மூடி வெயிலில் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

5. பைகளை 50 சதவிகித நிழல்வலையின் கீழே, தரையில் படாமல் பலகையிலோ, ஜல்லி பரப்பியோ வையுங்கள். தரையில் வைத்தால், பையின் ஓட்டை வழியாக நூற்புழு ஏறிவிடும்.

6. காலையும் மாலையும் பனிபோலத் தண்ணீர் தெளியுங்கள். கலவை சேறாகக் கூடாது. காற்று அதிகமான ஊரில், மூங்கில் குச்சியை வளைத்து அதன்மேல் பாலித்தீன் கூடாரம் போட்டு ஈரத்தைக் காத்துக்கொள்ளலாம்.

மூன்று, நாலு வாரத்தில் வேர் பிடித்து, புதுத்துளிர் வரும். அதன்பிறகு வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, ஒன்றரை மாதத்தில் நடவுக்கு எடுக்கலாம். எடுக்கும் முன் பத்துப் பைக்கு ஒன்று வீதம் கவிழ்த்து, வேரைப் பார்த்துவிடுங்கள். வெளியில் நாற்று வாங்கியே ஆக வேண்டும் என்றாலும் இதையே செய்யுங்கள். 'பையைக் கிழித்துப் பார்க்கக் கூடாது' என்கிற இடத்தில் வாங்க வேண்டாம்.

நடவும் கணக்கும்

ஆனி, ஆடி மாதங்களும் புரட்டாசி மாதமும் நடவுக்கு ஏற்றவை. கொட்டும் மழையில் நட வேண்டாம். மூன்று உழவு போட்டு, சென்ட்டுக்கு 100 கிலோ மக்கிய தொழுவுரம், 2 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுங்கள். ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மா விரிடி, ஒரு கிலோ சூடோமோனாஸ் என்ற அளவில் தொழுவுரத்தோடு கலந்து கொடுங்கள்.

இரண்டு அடி இடைவெளியில் பார் பிடித்து, பாரின் பக்கவாட்டில் நடுங்கள். விதை நாற்றுக்குச் செடிக்குச் செடி ஓர் அடி, டெல்லி கனகாம்பரத்துக்கு ஒன்றேகால் அடிக்குச் சற்றுக் கூடுதலாக, அதாவது 40 சென்டிமீட்டர் விடுங்கள்.

25 அடி இடைவெளியுள்ள தென்னந்தோப்பில், மரத்தைச் சுற்றி 6 அடி வட்டத்தை மரத்துக்கே விட்டுவிட வேண்டும். அது போக, நிலத்தில் ஐந்தில் நாலு பங்கு மிஞ்சும். இருபது சென்ட் தோப்பு என்றால் பதினாறு சென்ட். அதில் டெல்லி கனகாம்பரம் ஏறக்குறைய 2,700 செடி பிடிக்கும். போக்குவிட 300 சேர்த்து, மூவாயிரம் குச்சி போடுங்கள். தென்னைக்குப் போடும் உரத்தைக் கனகாம்பரத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டுக்கும் தனித்தனியாகக் கொடுத்தால்தான் இரண்டும் பிழைக்கும்.

வாரம் ஒரு தண்ணீர் போதும். மண்ணைப் பார்த்து முன்பின் வைத்துக்கொள்ளுங்கள். தென்னை ஓலை, காய்ந்த புல்லால் மூடாக்கு போட்டால் களையும் குறையும், ஈரமும் நிற்கும். மூடாக்கு தண்டில் ஒட்டாமல் நாலு விரல் தள்ளி இருக்கட்டும். வாடல் தெரிந்தால், அந்தச் செடியை மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். சுற்றியுள்ள செடிகளின் அடியில், லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்து ஊற்றுங்கள்.

நட்ட இரண்டு, மூன்று மாதத்தில் பூ தொடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் பறிக்கலாம். பூத்து முடிந்த கதிரை அடியோடு வெட்டிவிட்டால் பக்கத்துளிர் வரும். ஆரஞ்சு ரகம் வருடத்துக்கு ஏக்கருக்கு 800 கிலோ, டெல்லி ரகம் 1,100 கிலோ வரை தரக்கூடியது. தோப்பு நிழலில் முக்கால் பங்கை மட்டும் கணக்கில் வையுங்கள். அப்படிப் பார்த்தால், பதினாறு சென்ட்டில் டெல்லி ரகம் சுமார் 130 கிலோ. ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 15,000 பூ என்பதையும் மறக்க வேண்டாம். வீட்டு ஆள் எத்தனை பேர் பறிக்க வருவார்கள் என்று எண்ணிவிட்டு, அதற்கேற்ற சென்ட்டில் நடுங்கள். முதல்முறை என்றால் ஐந்து சென்ட் போதும்.

அந்த அம்மா தோட்டத்தில் செடியையெல்லாம் பிடுங்கி எரித்தோம். அடுத்து துலுக்கச் சாமந்தி போட்டோம். அதன் வேரில் உள்ள பொருள் நூற்புழுவைக் குறைக்கும். பூ எடுத்து முடித்ததும் செடியை அப்படியே மடக்கி உழுதோம். அதன்பிறகு, வேறு ஊரிலிருந்து தண்டு கொண்டுவந்து, அவரே குச்சி போட்டார். பழைய பதினைந்து சென்ட்டில் எட்டு சென்ட்தான் தேறியது. தங்கையும் நாத்தனாரும் மறுபடி பூ வைக்கவே இல்லை. ஒரு சீட்டில் நான் எழுதிய நாலு வரிக்கு மூன்று குடும்பங்கள் கொடுத்த விலை அது. அன்றிலிருந்து, வேரைப் பார்க்காமல் நான் மருந்து எழுதியதில்லை.

வாசகர் கேள்விகள்

"நுனி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. இதுவும் நூற்புழுவா?"

நுனி இளம் இலையில் மட்டும், தோட்டம் முழுக்கப் பரவலாக இருந்தால் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைபாடு. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கலந்து தெளிக்கலாம். திட்டுத்திட்டாகச் செடி குட்டையாகி, இலை வெளுத்து இளஞ்சிவப்பு ஏறினால் நூற்புழுவாக இருக்கக்கூடும். எதுவானாலும், தெளிப்பதற்கு முன் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்.

"கத்தரி போட்ட நிலத்தில் அடுத்து கனகாம்பரம் வைக்கலாமா?"

உடனே வேண்டாம். கத்தரி, தக்காளி, வெண்டை எல்லாமே வேர்முடிச்சு நூற்புழுவைப் பெருக்கும். நடுவில் ஒரு பட்டம் துலுக்கச் சாமந்தி போட்டு மடக்கி உழுதுவிட்டு, மண் பரிசோதனை செய்து வையுங்கள்.

"வாழைத் தோப்பில் ஊடுபயிராக வருமா?"

பரிந்துரைக்க மாட்டேன். வாழை வளர்ந்தபின் நிழல் அதிகம், ஈரமும் அதிகம். வாழை வேரையும் இதே வகை வேர்ப்புண் நூற்புழுக்கள் தாக்கும்.

"வீட்டு வாசலில் தொட்டியில் வைக்கலாமா?"

தாராளமாக வைக்கலாம். ஓர் அடி அகலத் தொட்டி, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை, காலை வெயில் படும் இடம் போதும். உச்சி வெயிலுக்கு நிழல் இருந்தால் நல்லது. பூத்து முடிந்த கதிரை வெட்டிக்கொண்டே இருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஆசைப்பட்டுக் கேட்டால், எதைக் கொடுக்க வேண்டும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.